மதுரைக்குக் குடிவந்தவர்களுக்கு: உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் ஓட்டு உங்கள் தெருவில் விழ

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நாள். செல்லூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டிலிருந்து பெண்கள் ஐந்தாறு பேர் சமையலை முடித்துவிட்டு ஒன்றாகக் கிளம்பினோம். பூத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினான்.

"அக்கா, உங்க பேரு இதுல இல்லையே."

பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அட்டையைத் திருப்பி முகவரியைப் படித்தான்.

"அட்டை இருக்குக்கா. ஆனா பேரு உங்க ஊருலதான கெடக்கு."

பேரையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. அங்கே அன்றைக்குத் தேர்தலே இல்லை. இரண்டு வருடமாக நான் குடித்த தண்ணீர், மிதித்த சாக்கடை, இருட்டில் நடந்த தெரு எல்லாம் செல்லூரில். ஓட்டு மட்டும் ஊரில். கூட வந்தவர்கள் மை வைத்த விரலோடு திரும்பியபோது நான் வெறுங்கையோடு நடந்துவந்தேன். அந்த வருத்தத்தில்தான் இந்தப் படிவங்களைப் பற்றி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். இப்போது எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், பால் காய்ச்சிய கையோடு இதைத்தான் கேட்கிறேன்: "ஓட்டை மாத்தியாச்சா?"

அட்டை வேறு, பட்டியல் வேறு

எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாக்காளர் அட்டை நீங்கள் யார் என்று காட்டுகிற சீட்டு. ஓட்டுப் போடும் உரிமையோ பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிடைக்கும். அட்டை தொலைந்து பட்டியலில் பெயர் இருந்தால், ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம், நூறு நாள் வேலை அட்டை என்று வேறொன்றைக் காட்டி ஓட்டுப் போட்டுவிடலாம். அட்டை பத்திரமாக இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு தனியாக வந்த அமைப்பு அது. ஆனால் உள்ளாட்சிக்கென்று தனியாக யாரும் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. அதனால் "கவுன்சிலர் எலெக்ஷன் வரட்டும், அப்ப பார்த்துக்கலாம்" என்று இருந்தால், தேதி அறிவித்த பிறகு ஓடவேண்டியிருக்கும். முதலில் சட்டமன்றப் பட்டியலில், இப்போது குடியிருக்கும் முகவரியில், உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும்.

முதலில் பெயர் எங்கே இருக்கிறதென்று பாருங்கள்

போனில் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தையோ ஈசிஐநெட் செயலியையோ திறந்து அட்டை எண்ணைக் கொடுத்தால் தொகுதி, பாகம் எண் (பட்டியலில் உங்கள் பூத்துக்குரிய பகுதி), வரிசை எண் எல்லாம் வரும். போன் பழக்கமில்லாதவர்கள் 1950-க்கு அழைக்கலாம், கட்டணமில்லை.

முன்பு ஓட்டுப் போட்டவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கி வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19-இல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, வீடு மாறியவர்கள் அதில் ஏராளம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற நம்மைப் போன்றவர்களின் பெயர்தான் முதலில் விழுகிறது. "போன தடவை போட்டேனே" என்ற நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள்.

எந்தப் படிவம் என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்

எந்த ஊரிலும் பெயர் இல்லாதவர்களுக்கும், புதிதாக 18 வயது ஆகிறவர்களுக்கும் படிவம் 6. வேறு ஊரிலோ வேறு தெருவிலோ ஏற்கெனவே பெயர் இருந்து இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. பெயரில் பிழை, படம் மாற்றம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாமே இந்த 8-தான். பெயரை நீக்கவும், ஆட்சேபணை சொல்லவும் படிவம் 7.

ஊரில் பெயர் இருக்க, இங்கே புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். "புது வீடு, புது அட்டை" என்று நினைத்துச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் பெயர் வரும். அது சட்டப்படி கூடாது. தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்தில் நீக்குவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உங்கள் அட்டை எண்ணும் மாறாது.

வயதுக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்காக மதுரைக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளும், கல்லூரியில் சான்று வாங்கி இங்கேயே பதியலாம். ஊரிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் அதுவும் சரி. ஏதாவது ஓரிடம்.

ஊர் ஓட்டை விட மனசு வரவில்லை என்பவர்களுக்கு

இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் அந்த மனசு இருந்தது. பங்காளிகள் இருக்கிறார்கள், குலசாமி கோயில் வரி இன்னும் கட்டுகிறோம், பேரை எடுத்துவிட்டால் ஊரோடு உறவே அறுந்துபோகும் என்று என் மாமியார் அழுதார். "ஓட்டு இல்லாட்டி நம்மள ஊர்க்காரங்கன்னு எவன் மதிப்பான்?" என்றார்.

சட்டம் கேட்பது, நீங்கள் வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத்தான். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. நான் மாமியாரிடம் சொன்னது இதுதான்: "அத்தை, பொங்கலுக்கும் புரட்டாசிக்கும் நாம போறதை யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா இங்க வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி வரலைன்னா நாம யார்கிட்டப் போய்க் கேக்குறது?" அவர் சம்மதிக்க இரண்டு மாதம் ஆனது. என்னைக் கேட்டால், எந்த ஊர்த் தண்ணீரைத் தினமும் குடிக்கிறீர்களோ அந்த ஊரில் உங்கள் ஓட்டு இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தடுக்கிற கதையும் உண்டு. "இந்த முகவரியில ஓட்டு அட்டை வாங்குனா நாளைக்கு வீடே உனக்குன்னு நிப்பே" என்று பயப்படுவார்கள். வாக்காளர் அட்டையால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வராது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இல்லையென்றாலும் வழி அடைபடாது: இந்த முகவரிக்கு மாற்றிய ஆதார், வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புத்தகம், மின்சார அல்லது கேஸ் பில் இவற்றில் ஒன்று போதும். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அலுவலர் நேரில் வந்து விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். வீடே இல்லாமல் தெருவோரம் படுத்திருப்பவர்களுக்குக்கூட, இரவில் அந்த இடத்திலேயே போய்ப் பார்த்துப் பதிய வேண்டும் என்றுதான் விதி.

படிவத்தை நிரப்பும்போது

பெயரை ஆதாரிலோ மதிப்பெண் பட்டியலிலோ இருப்பது போலவே எழுதுங்கள். தளத்தில் ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் எழுத்து தானாக வந்து விழும். அதை நம்பி அடுத்த பக்கம் போய்விடாதீர்கள். வள்ளி 'வல்லி' ஆவாள். கலைச்செல்வி 'களைசெல்வி' ஆவாள். பாண்டியம்மாள் 'பண்டியம்மல்' ஆவாள். தமிழ்க் கட்டத்தில் நீங்களே திருத்தலாம். அப்பா பெயரையும் கணவர் பெயரையும் அப்படியே ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கதவு எண்ணில் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள். காம்பவுண்ட் என்றால் வீட்டுக்காரர் பெயரையும் மாடியா கீழா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே வீட்டில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் குடும்பத்தார் ஒருவரின் அட்டை எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரும் அதே பாகத்தில் சேரும். இல்லாவிட்டால் கணவனுக்கு ஒரு பூத், மனைவிக்கு ஒரு பூத் என்று அலையவேண்டி வரும்.

நேரில் கொடுப்பவர்கள் உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுக்கலாம். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அங்கன்வாடியில் போய்க் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வரைவுப் பட்டியல் வெளியான பிறகு சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளிகளிலேயே முகாம் போடுவார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. கட்சிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனாலும், ஒப்புகைச் சீட்டு உங்கள் கைக்கு வரவேண்டும். அதில் இருக்கும் எண் இல்லாமல் பின்னால் எதையும் விசாரிக்க முடியாது.

கதவில் பெயர் ஒட்டி வையுங்கள்

படிவம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். என் முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம் தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

அலுவலர் காலை பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். நான் ஜவுளிக்கடையில் வேலையில் இருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டியிடம் என் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பாட்டி யோசித்துவிட்டு, "அப்பிடி இங்க யாரும் இல்லையே தாயி" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி பொய் சொல்லவில்லை. அந்தக் காம்பவுண்டில் நான் என் மகளின் அம்மா, மாடிவீட்டுக்காரி, பேரையூர்க்காரி. என் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் முறை விண்ணப்பித்ததும், காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும், கதவு எண்ணையும், என் போன் எண்ணையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். பாட்டியிடமும் வீட்டுக்காரரிடமும் பெயரை இரண்டு முறை சொல்லிவைத்தேன். பி.எல்.ஓ. அம்மா இந்த முறை வந்தபோது படியேறாமலே அந்த அட்டையைப் படித்து, போனில் கூப்பிட்டார். "பேர எழுதி வச்சீங்களே, புண்ணியமாப் போச்சு. எத்தனை மாடி ஏறுறது?" என்றார். வெயிலில் கருத்துப்போன அந்த அம்மாவின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருபது முப்பது படிவங்கள் இருந்தன. அந்த வாரம் நானும் அவரோடு எங்கள் தெருவில் நான்கு காம்பவுண்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள், அது தவறு என்று நினைத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரியாகவில்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஆனால் வீட்டில் ஆள் இல்லாததால் தள்ளுபடியானால், திரும்ப விண்ணப்பிப்பதே சீக்கிரம்.

உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது

மதுரை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் பத்து. ஆனால் உள்ளாட்சிக்குத் தொகுதி பார்த்துப் பயனில்லை. மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டு. 2011-இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் போன்ற பகுதிகளைச் சேர்த்தபோது 72 நூறானது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மூன்றும் நகராட்சிகள். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு, பரவை, பேரையூர், தே.கல்லுப்பட்டி, எழுமலை, அ.வல்லாளப்பட்டி ஆகியவை 2022 தேர்தலில் பேரூராட்சிகள். மற்றதெல்லாம் 13 ஊராட்சி ஒன்றியங்களுக்குள் வரும் கிராம ஊராட்சிகள்.

நகரத்து ஓரத்தில் குடிவந்தவர்களுக்கு இது முக்கியம். மாட்டுத்தாவணி மாநகராட்சிக்குள் வரும். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் ஒத்தக்கடை, 2019 தேர்தலில் அது கிராம ஊராட்சி. "மதுரையில்தான் இருக்கேன்" என்பது போதாது. வீட்டுவரி ரசீதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த உள்ளாட்சி வரி வாங்குகிறதோ அதுதான் உங்களுடையது.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்காரர்களுக்கு ஒரே ஒரு ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. மேயரையும் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கிராம ஊராட்சியில் நான்கு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் வாக்குச் சீட்டுதான். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நிறம் வாரியாகக் கொடுத்தார்கள். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்தால் அந்த ஓட்டு செல்லாமல் போகலாம். பெயரோ கையெழுத்தோ எதுவும் சீட்டில் எழுதக்கூடாது. வயதானவர்களுக்கு வீட்டிலேயே ஒரு தாளில் கோடு போட்டுப் பழக்கிக் கூட்டிப்போங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

2019-இல் தேர்வான ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2022-இல் தேர்வான மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. பெயர் மாற்றாதவர்கள் அந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

ஓட்டு நாளில்

சட்டமன்றத்துக்குப் போட்ட அதே பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்காதீர்கள். உள்ளாட்சிக்குப் பூத்தும் வரிசை எண்ணும் மாறியிருக்கலாம். முதல் நாளே பார்த்துவிடுங்கள். பூத் சிலிப் மட்டும் அடையாளமாகாது, படமுள்ள ஆவணம் ஒன்று வேண்டும். முடிகிற நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள், திருப்பி அனுப்பமாட்டார்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் சண்டை போட்டுவிட்டு வெளியே வராதீர்கள். "டெண்டர் ஓட்டு போடணும்" என்று கேளுங்கள். தனிச் சீட்டு கொடுத்து உறையில் வைப்பார்கள்.

பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஊர்க்கூட்டம் போட்டுத் தலைவர் பதவியை ஏலம் விடுவதும் குற்றம்தான். "கோயிலுக்குத்தான பணம்" என்று சமாதானம் சொல்வார்கள். ஏலம் போன பதவியில் உங்கள் ஓட்டு ஏலம் போகிறது.

இந்த மாவட்டத்தில் இதை எளிதாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக, 1996-இலிருந்து பத்து வருடம் முறையான தேர்தலே நடக்கவிடாமல் செய்தார்கள். நின்று வென்றவர்களை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். பஞ்சாயத்து ஓட்டைச் சின்ன ஓட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு மேலவளவுதான் ஞாபகம் வரும்.

நிற்க நினைப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வயது 21 ஆகியிருக்க வேண்டும், அந்த உள்ளாட்சியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கடந்த தேர்தல்களில் டெபாசிட் கிராம வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 600, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 4,000; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிற ஒவ்வொரு அக்காவும் இந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டும்.

தேர்தல் இல்லாத நாட்களில்

ஊராட்சிப் பட்டியலில் பெயர் ஏறிய அன்றே நீங்கள் கிராம சபை உறுப்பினர். யாரும் தனியாகச் சேர்த்துவிட வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடும். நேற்றுக் குடிவந்தவர் என்று யாரும் உங்களை ஓரமாக உட்காரச் சொல்ல முடியாது. வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். மக்கள்தொகைக்கு ஏற்ப ஐம்பதிலிருந்து முந்நூறு பேர் வரை வந்தால்தான் சபை செல்லும். அதனால் சும்மா போய் உட்கார்ந்தாலே அதுவும் கணக்கில் வரும்.

நவம்பர் 1-இலிருந்து தள்ளிப்போய் 2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் அரிட்டாபட்டியும் மேலூர்ப் பக்கத்து ஊராட்சிகள் பலவும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது.

மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. பகுதி சபை எப்போது, எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பெரிதாக விளம்பரம் வராது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தெரு பெயர், விளக்குக் கம்பத்து எண், எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்து, நகலில் வாங்கியதற்குக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனைக் கம்பத்துக்காக நான் எழுதிய தாளில் பதினேழு கையெழுத்து இருந்தது. கீழ்வீட்டுப் பாட்டி கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு, "இப்ப ஒன் பேரு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.